மழைக்காலச் சடையும் சீப்பைக் கண்டால் சீறும் பூனையும்

ஐப்பசி பிறந்துவிட்டது. கொடைக்கானலில் இனி மார்கழி வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். கொடியில் போட்ட துணியே காயாத காலம். பெர்சியன் போன்ற நீளமுடிப் பூனை வளர்ப்பவர்கள் சீப்பைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். உதிர்ந்த முடி உள்ளேயே தங்கி, ஈரத்தில் மற்ற முடியோடு பின்னிக்கொண்டால் முதலில் சிக்கு. கவனிக்காமல் விட்டால் தோலோடு ஒட்டிய சடை. தோட்டத்துக்குப் போய்வரும் பூனை என்றால் நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் சேர்ந்துகொள்ளும். காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, தொடையின் உட்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று இந்த இடங்களை இன்றைக்கே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். மேலே பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும். சடை கைக்குத்தான் அகப்படும்.

பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், நாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண நாட்டுப் பூனைக்கு அது சரிதான். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை நாக்கின் முட்களை அளந்து பார்த்தார்கள். முள்ளின் நுனியில் சிறு குழிவு இருக்கிறது. அதில் ஏறும் எச்சில் முடிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. ஆனால் பெர்சியன் பூனையின் முடிப் படலம், நாக்கால் அழுத்திய பிறகும், அந்த முள்ளின் நீளத்தைவிடத் தடிமனாக இருக்கிறது. முள் தோலை எட்டுவதில்லை. அதாவது, மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த முடி பூனையின் நாக்குக்கு அடங்கவில்லை. மிச்ச வேலை மனிதன் தலையில்தான்.

அந்த வேலைக்குப் பூனை ஒத்துழைக்காது என்பதுதான் பலரின் புகார். கடிக்கிறது, பிராண்டுகிறது, கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதால்தான் துண்டில் சுற்றிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் சீவி முடிக்கும் பழக்கம் வருகிறது. சடை தோலை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. சீப்பு அதில் மாட்டும்போது வலி கூடுகிறது. வலித்ததைப் பூனை மறக்காது. சீப்பு, அந்தக் கை, அந்த இடம் எல்லாமே அதற்கு எதிரியாகிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் போராட்டத்தை விட்டுவிட்டு, தினமும் இரண்டு நிமிடம் போதும் என்று வையுங்கள். பற்கள் அகலமான ஸ்டீல் சீப்பு நல்லது. முதல் சில நாள் கன்னம், தாடை என்று அதற்குப் பிடித்த இடங்களில் மட்டும் சீவி நிறுத்துங்கள்; வயிறு கடைசி. சிக்கு வந்தால் வேர்ப்பக்கத்தில் முடியை விரலிடுக்கில் இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து பிரித்து வாருங்கள். அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. சிறிது கார்ன் ஃப்ளோர் தூவினால் பிரிவது எளிது. வால் நுனி சுண்டினாலோ, காது பின்னால் திரும்பினாலோ, முதுகுத் தோல் துடித்தாலோ அதோடு விடுங்கள். சீறும் வரை காத்திருக்க வேண்டாம். முடிந்ததும் ஒரு துண்டு மீன். இது லஞ்சம், செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்பார்கள். லஞ்சமாகவே இருக்கட்டும், சீப்பைக் கண்டால் ஓடிய பூனை சீப்பைத் தேடி வருகிறதே. இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்ற சந்தேகமும் நியாயமானதே. பழைய சடை இதில் தீராது. புதிய சடை விழாமல் தடுக்க இது போதும்.

மொட்டையடித்துவிட்டால் தொல்லை தீருமே என்பது இன்னொரு யோசனை. மன்னவனூர் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் உரோமம் கத்தரிக்கிறார்களே என்று உதாரணமும் காட்டலாம். செம்மறியின் உரோமம் வளர்ந்துகொண்டே இருப்பது; கத்தரிக்காவிட்டால்தான் அதற்குக் கேடு. பூனை முடி ஓரளவு வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைப்பது. பழனியில் முடியிறக்கிய தலை இரண்டு மாதத்தில் கறுத்துவிடும். பெர்சியன் முடி பழைய நீளத்துக்கு வரப் பல மாதம் பிடிக்கும். அதற்குள் இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் மார்கழி, தைக் குளிர் வந்துவிடும். கீழே, பழனி நகர வெயிலில் இருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. கத்தரிக்கோலை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். பூனைத் தோல் மிக மெல்லியது. சடையை இழுத்துப் பிடித்தால் தோலும் கூடவே எழும்பிக் கத்தரிக்குள் வரும். சடையோடு குளிப்பாட்டவும் கூடாது; நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகும்.

நேற்றுவரை சீவவிட்ட பூனை திடீரென்று மறுத்தால் காரணம் வேறு. வயதான பூனைக்குக் குளிரில் மூட்டு வலி கூடலாம். பல்வலி இருந்தால் நக்குவதையே நிறுத்திவிடும்; சிக்கு கூடி, சீப்பும் வலிக்கும். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டும், சீப்பு வழியாக அடுத்த பூனைக்கும் போகும். சீவும்போது தெள்ளுப்பூச்சி கண்ணில் பட்டால் நாய்க்கு வாங்கிய மருந்தைப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே ஆபத்து. தோலோடு ஒட்டிய சடை உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து மெஷினால் எடுத்துவிடுவார். மயக்கத்துக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி எடுத்த பூனைக்கு முடி திரும்பும் வரை இரவில் வீட்டுக்குள்ளேயே, கம்பளி விரித்த பெட்டியில் இடம் கொடுங்கள்.