வாகனச் சோதனையில் நிற்கும்போது

வாகனச் சோதனையில் பிறக்கும் வம்புகளில் பல, காவலர் கை காட்டிய முதல் அரை நிமிடத்தில் பிறப்பவை. ராணிப்பேட்டை மாவட்டத்து மேல்விஷாரத்தை ஒட்டிச் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்ததும் சர்வீஸ் ரோட்டில் சட்டென்று வண்டியைத் திருப்பி, எதிர்த்திசையில் பறப்பவர்களை அங்கே பார்க்கலாம். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து லாரிக்கு எதிரே போவதைப் போன்ற கணக்குப் பிழை வேறில்லை.

அதனால் முதல் வேலை நிற்பது. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, காவலர் காட்டும் இடத்தில் இடப்பக்கம் ஓரங்கட்ட வேண்டும். சீருடையில் உள்ள உதவி ஆய்வாளரோ அவருக்கு மேலுள்ளவரோ நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது, மோட்டார் வாகனச் சட்டம் 132-ஆவது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கை காட்டுபவர் ஏட்டா, எஸ்.ஐ.யா என்று ஓடும் வண்டியிலிருந்து ஆராய்வது வீண். யாராக இருந்தாலும் நின்றுவிடுவதே நல்லது. நிற்காமல் போகிறவரை அடிக்கக் காவலருக்கு உரிமை வந்துவிடாது. ஆனால் 2018 மார்ச் 7 அன்று திருச்சி திருவெறும்பூர் அருகே நடந்தது வேறு. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திப்போய் வண்டியை எட்டி உதைத்தார். பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். போன உயிர் போனதுதான்.

வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்துச் சாவியைத் தானே எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். காவலர் கைநீட்டிச் சாவியைப் பிடுங்கும் காட்சி ஊர் ஊராக நடக்கிறது. அதற்கென்று அதிகாரம் தரும் பிரிவு சட்டத்தில் இல்லை. சாவி சட்டைப் பையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி, இரவானால் உள்விளக்கைப் போட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுவது பேச்சின் சூட்டைப் பாதி இறக்கிவிடும்.

அடுத்தது பேச்சு. "பாய், வண்டிய ஓரங்கட்டுங்க, லைசென்ஸ் எடுங்க" என்றால், "இருக்கு சார், போன்ல காட்டுறேன்" என்பது போதுமான பதில். "என்னை எதுக்கு நிறுத்துனீங்க, எனக்கு யாரைத் தெரியும் தெரியுமா" என்று தொடங்குகிறவருக்கு, இல்லாத குற்றமும் தேடிக் கண்டுபிடிக்கப்படும். கவுன்சிலருக்குப் போன் போட்டுக் கொடுப்பதும் இதே வகை. ஒருமையில் பேசும் காவலரிடம் திருப்பி ஒருமையில் பேசுவதைவிட, மார்பிலுள்ள பெயர்ப் பட்டையை ஒருமுறை நின்று படிப்பது பலன் தரும். தோளையும் பார்த்துக்கொள்ளலாம்: இரண்டு நட்சத்திரம் உதவி ஆய்வாளர், மூன்று ஆய்வாளர்.

உரிமத்தைக் கேட்கச் சீருடை அணிந்த எந்தக் காவலருக்கும் 130-ஆவது பிரிவு இடம் தருகிறது. அசல்தான் வேண்டும் என்று 2017 செப்டம்பரில் தமிழக அரசு கட்டாயப்படுத்தியபோது பெரிய குழப்பம் நடந்தது. மறு ஆண்டே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆவது விதி திருத்தப்பட்டு அந்தச் சிக்கல் தீர்ந்தது. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ உள்ள உரிமமும் ஆர்.சி.யும் இன்சூரன்சும் அசலுக்குச் சமம். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் புகைப்படம் சமமல்ல, அந்த வித்தியாசத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். போனில் சார்ஜ் இல்லாத நாளுக்காக உரிமத்தைப் பர்சிலும் வைத்திருப்பது உத்தமம்.

டேனரிக்குத் தோல் ஏற்றிப் போகும் டெம்போவுக்குக் காகிதம் இன்னும் கூடுதல்: எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட். சரக்குக்கான இ-வே பில் ஜி.எஸ்.டி. விவகாரம், அதைச் சரிபார்ப்பவர்கள் வணிகவரித் துறையினர். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால் அது தேவை. ஷூ கம்பெனி ஆட்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்வது தனிக் குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும்.

அபராதம் பற்றி. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொகைகள் உயர்ந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, உரிமம் இல்லாவிட்டால் 5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000, குடித்து ஓட்டினால் 10,000. பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் உண்டு; பர்தா அணிந்த பெண்ணுக்கும் தொப்பி அணிந்தவருக்கும் விலக்கில்லை. சட்டம் விலக்கியது தலைப்பாகை அணிந்த சீக்கியரைத்தான். பள்ளிக்கூடப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் தகப்பனார் 199ஏ பிரிவை ஒருமுறை படிக்கலாம். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

அபராதம் விதிப்பது ஏட்டின் வேலையல்ல. கையடக்கக் கருவியில் இ-சலான் போட வேண்டும், செய்தி போனுக்கு வர வேண்டும். "ஐந்நூறு கொடுத்துட்டுப் போ" என்றால் "சலான் போடுங்க சார், கட்டிக்கிறேன்" என்பதே விடை. பேரம் பேசுவதும் லஞ்சம்தான், கொடுப்பவனும் குற்றவாளி. குற்றம் செய்யவில்லை என்று நினைப்பவர் ரோட்டில் வாதாட வேண்டியதில்லை. சலானை முறைப்படி மறுக்கலாம். சலான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறப்பவரின் வங்கிக் கணக்கு காலியாகலாம். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதே சரி.

குடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாம். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். சந்தேகத்தைக் காரணமாக்கி அடிக்க அதிகாரமில்லை. 2021 ஜூனில் சேலம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் லத்தியால் அடிபட்ட வியாபாரி மறுநாள் இறந்தார், அடித்த சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார்.

உரிமத்தைக் கைப்பற்றினால் 206-ஆவது பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும்; ஆனால் ஹெல்மெட் இல்லாமை, குடித்து ஓட்டுவது போன்ற குற்றங்களுக்குக் கைப்பற்றியிருந்தால், உரிமம் திரும்பும் வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது. வண்டியையே பிடித்தாலும் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது. பெட்டியில் உள்ள பொருள், பெட்ரோல் அளவு, கீறல்கள் எல்லாவற்றையும் அப்போதே படமெடுத்து வைப்பவருக்குப் பின்னால் வாக்குவாதம் மிச்சம். பொது இடத்தில் படமெடுக்கத் தடையில்லை. ஆனால் போனைக் காவலரின் முகத்துக்கு நேரே நீட்டுவது சண்டைக்கு அழைப்பு.

அவமதிப்போ அடியோ நேர்ந்திருந்தால், நேரம், இடம், பெயர்ப் பட்டையில் இருந்த பெயர், உடனிருந்தவர் யார் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். புகார் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.) அலுவலகத்துக்குப் போகலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். 2019 நவம்பர் 28-க்கு முன் மேல்விஷாரத்தார் எஸ்.பி. அலுவலகத்துக்கு வேலூர் போக வேண்டியிருந்தது. இப்போது ராணிப்பேட்டை போதும்.