ஒரு ‘எஸ்’ படுத்தும் பாடு

வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு ஆங்கிலக் கடிதம் எழுதாமல் முடிவதில்லை. வங்கிக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு, வேலை கேட்டு ஒரு நிறுவனத்துக்கு என்று எழுத வேண்டியிருக்கிறது. நம்மை நேரில் அறியாத அதிகாரிக்கு அந்தக் கடிதம்தான் நம் முகம். அதன் முதல் வரியிலேயே பலர் தடுமாறும் ஒரு சொற்றொடரைப் பார்ப்போம்.

‘வித் ரிகார்ட் டு’ என்றால் ‘குறித்து’, ‘தொடர்பாக’ என்று பொருள். இதைப் பலர் ‘வித் ரிகார்ட்ஸ் டு’ என்று எழுதிவிடுகிறார்கள். கடிதத்தின் முடிவில் ‘வித் ரிகார்ட்ஸ்’ என்று எழுதிப் பழகிய கை, தொடக்கத்திலும் ஓர் ‘எஸ்’ஸைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் ‘ரிகார்ட்ஸ்’ என்ற பன்மைக்கு வணக்கங்கள், அன்பு விசாரிப்புகள் என்று பொருள். ‘வித் ரிகார்ட்ஸ் டு மை அப்ளிகேஷன்’ என்று எழுதினால், நம் விண்ணப்பத்துக்கே நாம் வணக்கம் சொன்னது போலாகும்! பேச்சில் இது பரவலாகக் காதில் விழுந்தாலும், அலுவலகக் கடிதத்தில் பிழையாகவே கருதப்படுகிறது.

‘ரிகார்ட்’ என்ற சொல், ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் ‘பொருள்’ என்பதன் கீழே ‘பார்வை’ என்று எழுதுவார்கள் அல்லவா? அதையே நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். பார்வை ஒன்று, ஆகவே ஒருமை. வணக்கங்கள் பல, ஆகவே பன்மை.

இதன் உறவுச் சொற்களையும் தெரிந்துகொள்வோம்:

1. ‘இன் ரிகார்ட் டு’ – பொருள் அதுவே. இதிலும் ‘எஸ்’ வராது.

2. ‘ஆஸ் ரிகார்ட்ஸ்’ – இதில் ‘எஸ்’ கட்டாயம் வேண்டும். இங்கே அது பன்மை விகுதி அன்று, வினைச்சொல்லின் விகுதி. இதன் பின் ‘டு’ வராது.

3. ‘ரிகார்டிங்’ – இதன் பின்னும் ‘டு’ தேவையில்லை.

4. ‘வித் ரெஃபரன்ஸ் டு’ – வந்த கடிதத்தைத் தேதியுடன் சுட்டிப் பதில் எழுதும்போது இதுவே பொருத்தம்.

இன்னொன்று. ‘வித் ரிகார்ட் டு மை அப்ளிகேஷன்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடக் கூடாது. அது வாக்கியம் ஆகாது. என்ன வேண்டும் என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும். பல இடங்களில் ‘அபௌட்’ என்ற ஒரே சொல் போதும். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்காக எர்னஸ்ட் கவர்ஸ் எழுதி 1948-இல் வெளிவந்த ‘பிளெயின் வேர்ட்ஸ்’ என்ற நூல் வலியுறுத்துவதும் இத்தகைய எளிமையைத்தான்.

பயிற்சி: பிள்ளைகளுடன் சேர்ந்து திருத்திப் பாருங்கள்.

அ) வித் ரிகார்ட்ஸ் டு மை சன்ஸ் அட்மிஷன்...
ஆ) ஆஸ் ரிகார்ட் டு த ஃபீஸ்...
இ) ரிகார்டிங் டு மை அக்கவுன்ட்...

விடை: அ) வித் ரிகார்ட் டு மை சன்ஸ் அட்மிஷன். ஆ) ஆஸ் ரிகார்ட்ஸ் த ஃபீஸ். இ) ரிகார்டிங் மை அக்கவுன்ட்.