‘ஈசிஎம் போச்சு’ என்று சொல்லாதீர்கள், அளந்து காட்டுங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பழைய கார் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “ஈசிஎம் போச்சு.” டீக்கடையில் சொல்கிறார்கள், கார் ஸ்டாண்டில் சொல்கிறார்கள், சோதித்துச் சொல்ல வேண்டிய பட்டறையிலும் அதையே சொல்கிறார்கள். பழைய இண்டிகா டீசல் ஒன்றுக்குக்கூட இதே தீர்ப்பைக் கேட்டேன். அந்த முதல் தலைமுறை வண்டியில் டீசலை அளந்து கொடுப்பது பம்ப்தான். ஈசிஎம் எனும், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரே அதில் கிடையாது. பம்ப்பின் சோலினாய்டுக்குப் போகும் ஒற்றை வயர் கழன்றாலே அது நின்றுவிடும். இல்லாத பொருள் எப்படி ஐயா போகும்?

நம்பிக்கை: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? ஈசிஎம்மை மாற்று.

உண்மை: கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியதை முதலில் பிடிக்கிறீர்கள். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 2 விதி 2000-இல் டெல்லி வட்டாரத்துக்கும், 2001-இல் சென்னைக்கும், 2005 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் வந்தது. பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் விடைபெற்று, எம்பிஎஃப்ஐ எனும் பெட்ரோல் தெளிப்பு முறையும் அதை ஆளும் ஈசிஎம்மும் குடியேறிய காலம் அது. அன்றைய ஆல்டோவும் ஆம்னியும் சான்ட்ரோவும் கைமாறிக் கைமாறி இன்று நம் ஊர் சாலைகளில் ஓடுகின்றன. இத்தனை வருடத்தில் எது முதலில் தேயும்? உறைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் போர்டா, கரிசல் புழுதியும் வெயிலும் குலுக்கலும் பட்டுக்கொண்டே இருக்கும் வயரும் கப்ளரும் ரிலேயுமா? நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி புகுந்தால் அது கடிப்பதும் வயரைத்தான்.

ஈசிஎம் வேலை செய்ய மூன்று வேண்டும்: கரண்ட், எர்த், சென்சார் சிக்னல். சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல்பைப் பார்த்துவிட்டு ஃபியூஸையும் மெயின் ரிலேயையும் பாருங்கள். ஈசிஎம்முக்குக் கரண்டே போய்ச் சேராமல் இருக்கலாம்.

அடுத்தது எர்த். பேட்டரி நெகட்டிவில் மீட்டரின் ஒரு முனை, ஈசிஎம் எர்த் பின்னில் மறுமுனை வைத்து செல்ஃப் அடியுங்கள். வோல்ட் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும், 0.2-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை துருப்பிடித்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் பெரிய கரண்ட் மெல்லிய வயர்கள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போது நல்ல ஈசிஎம்மும் கோமாளித்தனம் செய்யும். பட்டையைக் கழற்றி, தேய்த்து, முறுக்கிப் பூட்டினால் போதும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமா? கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். சென்சார்களுக்குப் போக வேண்டிய 5 வோல்ட் விழுந்து கிடக்கிறதா? சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சார்தான் ஷார்ட். ஒரு சென்சார் செய்யும் இந்தக் கூத்தில், உயிரோடு இருக்கும் ஈசிஎம்மைப் பிணமாக்கி விற்பனைக்கு அனுப்புகிறோம்.

ஈசிஎம் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. 2010 ஆகஸ்டில் டொயோட்டா, வட அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் கொரோலா, மேட்ரிக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது; ஈசிஎம் போர்டின் சால்டரிங்கில் விரிசல் விழக்கூடும் என்பதே காரணம். ஆனால் அதுவும் சோதித்துக் கண்டுபிடித்த குறை. இக்னிஷன் காயில் ஷார்ட்டாகி ஈசிஎம்முக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரித்திருந்தால், காயிலைப் பார்க்காமல் மாட்டும் புது ஈசிஎம்மும் அதே வழியில் எரியும். காரணம் தெரியாமல் மாற்றுகிறவர் இரண்டாவது முறையும் உங்கள் பணத்தில்தான் மாற்றுவார்.

நம்பிக்கை: சென்னை புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் ஈசிஎம் வாங்கி மாட்டினால் ஓடிவிடும்.

உண்மை: லேபிளில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். பொருந்தினாலும் சாவிச் சிப் ஒப்புக்கொள்ள வேண்டும். மாருதியின் ஐகேட்ஸ் போன்ற இம்மொபிலைசர் உள்ள வண்டியில், அந்நிய ஈசிஎம் சாவியை அடையாளம் காணாது. விளக்கு மினுங்கும், இன்ஜின் ஓடாது. பழைய போர்டின் தகவலைப் புதியதில் ஏற்றத் தெரிந்தவரைப் பிடியுங்கள். அதற்காகவாவது பழைய ஈசிஎம்மை எடைக்குப் போடாதீர்கள். காமன் ரெயில் டீசல்கள் பலவற்றில் இன்ஜெக்டர் கோடுகளையும் பதிய வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

உண்மை: பல பழைய வண்டிகளில் அப்படிச் செய்தால், பதிவாகியிருந்த ஃபால்ட் கோடுதான் அழியும். தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடாதீர்கள்.

நம்பிக்கை: ஈசிஎம் தண்ணீரில்தான் கெடும்; நம்முடையது வறண்ட பூமி, பயமில்லை.

உண்மை: வெப்பம் மட்டும் விட்டுவைக்குமா? போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும். ஆனால் அதைவிட வேகமாகக் கொல்கிறவர்கள் நாம்தான். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது, ஜம்பர் வயரை மாற்றிக் கொடுப்பது, தூத்துக்குடி சாலையில் நிற்கும் லாரியின் 24 வோல்ட்டை அப்படியே 12 வோல்ட் காருக்குள் தள்ளுவது: மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள்.

இதில் பட்டறைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. கையில் வயரிங் படம் இல்லாதவர் ஊகிக்கத்தான் செய்வார். உதிரி பாகங்களையும் ரிப்பேர் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் திறந்தது. கார்களும் அதன் பட்டியலில் உண்டு. இணையதளம் மட்டும் போதாது. உற்பத்தி நின்றுபோன ஒவ்வொரு மாடலின் வயரிங் படத்தையும் நிறுவனங்கள் இலவசமாக, தமிழிலும் வெளியிட வேண்டும். ஐடிஐ மாணவர்களுக்கு ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரைப் பழக்க வேண்டும். வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கரண்ட், எர்த், 5 வோல்ட், ஆர்பிஎம் என நான்கு அளவையும் பில்லில் எழுதித் தராதவருக்கு ஈசிஎம் மாற்ற அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.