குட்டைப் பிடியும் கூனிய முதுகும்

"கத்தியால் காய்கறியும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். கத்தி மேல் என்ன பிழை? பிடிக்கிற கையில்தானே எல்லாம் இருக்கு!"

இப்படி நம்மில் பலரும் சொல்வதுண்டு. கைத்தொலைபேசி, டிஜிட்டல் தராசு, கொழுந்து வெட்டும் கத்தரி என்று புதிது புதிதாகச் சாமான்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருப்பதால் இந்தப் பேச்சு இப்போது இன்னும் கூடுதலாகவே காதில் விழுகிறது. கருவிக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது, மனிதன் சரியாக இருந்தால் போதும் என்பது இதன் கருத்து. இதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான் என்பது எமது எண்ணம். மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள, மலைநாட்டை விட்டு வெகுதூரம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. அங்கும் நம்மைப் போலவே குனிந்து நிமிர்ந்து பிழைக்கிற தோட்டத் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கருவிக்கு எதிராகவே வழக்குப் போட்டு வென்றவர்கள்.

கலிபோர்னியாவில் சலீனாஸ் பள்ளத்தாக்கு என்றொரு இடம். கண்ணுக்கெட்டிய தூரம் லெட்டூஸ் பயிரிடுவார்கள். சலாதுக்குப் போடுகிற இலைதான். நுவரெலியா பக்கத்து ஆட்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விதையை நெருக்கமாகப் போட்டு, முளைத்த பிறகு ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒரு கன்று நிற்கும்படி மற்றவற்றைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். ஐதாக்குவது என்று சொல்வார்களே, அது. சீனி எடுக்கும் பீட்ரூட் தோட்டங்களிலும் இதே வேலைதான். இதற்குக் கொடுக்கப்பட்ட களைக்கொத்தின் பிடி ஏறத்தாழ ஒரு அடி நீளம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற அடிமட்டம் எவ்வளவோ, அவ்வளவு.

ஒரு அடிப் பிடியை வைத்துக்கொண்டு நின்றபடி நிலத்தைக் கொத்த முடியுமா? இடுப்பை மடித்து, தலை முழங்காலுக்குக் கிட்ட வரும் அளவுக்குக் குனிந்தே ஆகவேண்டும். காலையில் குனிந்தால் பின்னேரம் வரை, வரிசை வரிசையாக. அந்தத் தொழிலாளரில் பெரும்பாலானோர் மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தவர்கள், அல்லது அந்த வம்சாவளியினர். தமது ஸ்பானிய மொழியில் அந்தக் கொத்துக்கு 'எல் கொர்த்தீத்தோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'குட்டையன்' என்று நாம் வைத்துக்கொள்ளலாம். கேட்கச் செல்லப்பெயர் மாதிரி இருக்கும்; ஆனால் அதைப் பல வருடம் பிடித்தவர்கள் தீராத முதுகு நோவோடுதான் வீட்டுக்குப் போனார்கள். முதுகெலும்புக்கு அதனால் வரும் கேட்டைப் பற்றி வைத்தியர்களே பின்னர் சாட்சியம் சொன்னார்கள்.

சரி, பிடியை ஏன் இவ்வளவு குட்டையாகச் செய்தார்கள்? கன்றுக்குக் கிட்ட இருந்து கொத்தினால்தான் வேலை சுத்தமாக இருக்கும், நீண்ட பிடி பக்கத்துக் கன்றையும் வெட்டிப்போடும் என்றார்கள் தோட்டச் சொந்தக்காரர்கள். தொழிலாளர் இன்னொரு காரணத்தையும் சொன்னார்கள். நீண்ட பிடி என்றால், ஆள் கொத்துகிறானா, பிடியில் சாய்ந்து மூச்சு விடுகிறானா என்று தூரத்தில் நிற்கிற மேற்பார்வையாளருக்குச் சட்டென்று தெரியாது. குட்டைப் பிடி என்றால் ஒரே பார்வை போதும். நிமிர்ந்து நிற்கிறவன் வேலை செய்யவில்லை! கங்காணியின் வேலையில் பாதியை அந்த மரக்கட்டையே பார்த்துக்கொண்டது.

இங்கேதான் 'கருவிக்கு என்ன தெரியும்' என்ற பேச்சு நொண்டுகிறது. அந்தத் தோட்டத்துக்கு உலகத்திலேயே நல்ல மனமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏச மாட்டார், விரட்ட மாட்டார். ஆனாலும் கையில் இருப்பது ஒரு அடிப் பிடி. முதுகு வளைந்துதான் தீரும். பிடிக்கிற கை நல்லதாக இருந்தும் பிரயோசனம் இல்லை. எப்படி நிற்பது, எவ்வளவு நேரம் குனிவது, யார் யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் அந்தப் பிடியை வெட்டிய அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

1972ஆம் ஆண்டு செபஸ்தியான் கார்மோனா என்பவரும் வேறு தொழிலாளரும், ஏழைத் தொழிலாளருக்காக வாதாடும் சட்டத்தரணிகளின் உதவியோடு, மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புப் பிரிவுக்கு மனுக் கொடுத்தார்கள். 'பாதுகாப்பற்ற கைக்கருவிகளைப் பாவிக்கக் கூடாது' என்று அங்கே ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. அதன்படி குட்டைக் கொத்தைத் தடைசெய்யுங்கள் என்பதே கோரிக்கை. 1973இல் பதில் வந்தது: முடியாது. பிடி உடைந்து, அலகு கழன்று பழுதாகிப்போன கருவிதான் பாதுகாப்பற்ற கருவி. இது நல்ல நிலையில் இருக்கிறது. ஆகவே விதி இதற்குப் பொருந்தாது என்றார்கள். வாசகர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'கத்தி மேல் என்ன பிழை' என்று நாம் சொல்கிறோமே, அதையே அவர்கள் சட்டத்தின் மொழியில் சொன்னார்கள்.

தொழிலாளர் விடவில்லை. வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை போனது. 1975 ஜனவரியில் அந்த நீதிமன்றம், விதிக்கு அப்படிக் குறுகிய பொருள் கொள்வது பிழை என்று தீர்த்தது. பழுதே இல்லாத, புத்தம் புதிய கருவியாக இருந்தாலும், அதைப் பாவிக்க வேண்டிய முறையினால் உடம்புக்குக் கேடு வருமானால் அதுவும் பாதுகாப்பற்ற கருவியே. அதே ஆண்டில் குட்டைக் கொத்து தடைசெய்யப்பட்டது. தொழிலாளர் நீண்ட பிடியைப் பிடித்து நின்றபடி கொத்தினார்கள். லெட்டூஸ் அழிந்துபோகவில்லை, தோட்டங்களை மூடவும் இல்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'கொத்துத்தானே கூடாது? வெறும் கையால் களை பிடுங்குங்கள்' என்று சில இடங்களில் தொடங்கிவிட்டார்கள். முதுகு திரும்பவும் வளைந்தது. தேவையில்லாமல் குனிந்து கையால் களை பிடுங்க வைப்பதைக் கட்டுப்படுத்தும் விதி, சில விலக்குகளோடு, 2004இல்தான் வந்தது. இருபத்தொன்பது வருடம்! மனிதரைப் பார்க்காமல் கருவியோடு மட்டும் சண்டை பிடித்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் அந்தப் பழைய பேச்சில் பாதி உண்மை உண்டு என்று முதலிலேயே சொன்னோம்.

இனி நமது பக்கம் வருவோம்.

கைத்தொலைபேசியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், ஒன்றை மட்டும் சொல்கிறோம். பிள்ளை யூடியூப்பில் ஒரு படம் பார்த்து முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது அல்லவா? அது பிள்ளையின் குணமல்ல. யாரோ ஒருவர் இருந்து யோசித்து வைத்த ஏற்பாடு. அதை நிறுத்திவைக்க அதிலேயே ஒரு இடம் உண்டு. பிள்ளையை ஏசுவதற்கு முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.

தராசுக்கு வருவோம். கொழுந்து மடுவத்தில் தராசு பொய் சொல்லாது என்பார்கள். சரி, அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் தெரியும்படி தொங்கினால், தராசு சரியாக இருந்தும் கூடையைச் சுமந்து வந்த அக்காவுக்கு அது ஊமைத் தராசுதான். டிஜிட்டல் தராசில் ஒரு நல்லது உண்டு. முள்ளு நிற்கும் இடத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களும் இலக்கத்தை வாசித்துவிடலாம். கையில் துண்டும் கிடைத்தால் மாத முடிவில் ஒத்துப் பார்க்கலாம். ஆனால் ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதை மெசினுக்குள் முன்கூட்டியே போட்டுவிட்டால், கழித்ததே நம் கண்ணுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளை கழித்தால் வாய்விட்டுக் கேட்கலாம். மெசினிடம் யார் கேட்பது? ஆகவே கழிவுக்கு முந்திய நிறையும் பிந்திய நிறையும் இரண்டுமே துண்டில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

கத்தரி இன்னும் பெரிய விடயம். கையால் பறிக்கும்போது கண் பார்த்து, விரல் தெரிந்தெடுக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும். கத்தரி தெரிந்தெடுக்காது, தன் மட்டத்துக்கு வந்த எல்லாவற்றையும் வெட்டும். கிலோ கூடும். அத்தோடு, இத்தனை வருடமாக விரலில் இருந்த கெட்டித்தனத்தின் இடத்தைத் தோளின் பலம் பிடித்துக்கொள்ளும். ஆள் குறைந்துபோன தோட்டங்களில் கத்தரி வேண்டியதாக இருக்கலாம். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல நாம் வரவில்லை. அது மலைக்கு ஏறுவதற்கு முதல், பெரட்டுக்களத்திலோ மாதர் சங்கத்திலோ இருந்து சிலவற்றைக் கதைத்துத் தீர்க்க வேண்டும். நாள் முழுதும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க அதன் பாரம் எவ்வளவு? ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும் அது ஒன்றா? முற்றிய இலை விழுந்தால் யாருடைய கணக்கில் கழிப்பார்கள்? கிலோ கூடியவுடன் ஒரு பேருக்கு வேண்டிய கிலோவையும் கூட்டிவிடுவார்களா? தீட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் செலவு யாருடையது? எல்லாவற்றுக்கும் முதலில், அதைப் பிடிக்கப் போகிறவர்களிடம் ஒரு கிழமை கொடுத்து, பிடி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

உங்கள் தோட்டத்துக்குக் கத்தரி ஏற்கெனவே வந்திருந்தால், இந்தக் கேள்விகளுக்கு அங்கே கிடைத்த பதிலை எமக்கு எழுதி அனுப்புங்கள். முக்கியமாகக் கை நோவு, தோள் நோவு பற்றி அதைப் பிடிக்கிற பெண்களே சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.