ஏதென்ஸ் நகரத்துச் சீட்டும் உத்திரமேரூர்க் குடமும்



பூர்வீகக் கிரேக்கரைப் பற்றி எழுதும்படி நம் வாலிபர் சிலர் கேட்டார்கள். சிற்பம், நாடகம், தத்துவம் என்று தொடங்கினால் ஒரு வருஷம் போதாது. ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வோம். திருச்சபைக்குக் கிரேக்க பாஷையில் எக்ளேசியா என்று பெயர். அப்போஸ்தலர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அச்சொல் ஏதென்ஸ் நகரத்தில் வழங்கிற்று. குடிமக்கள் பினிக்ஸ் என்னும் குன்றின்மேல் கூடிப் போரா, சமாதானமா என்று கைதூக்கித் தீர்மானித்த பொதுச்சபைக்கு அதுவே பெயர்.

கி.மு. 508-ம் ஆண்டளவில் கிளைஸ்தனீஸ் என்பவர் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தார். குலத்துக்கு ஐம்பது பேராக 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபை ஏற்பட்டது. இவர்களை எப்படிப் பொறுக்கினார்கள்? சீட்டுப் போட்டு! நீதிமன்றங்களுக்கு வருஷந்தோறும் 6,000 பேரையும் அப்படியே எடுத்தார்கள். படைத்தலைவர் பதின்மரையோ கைதூக்கித் தேர்ந்தார்கள். பிற்காலத்தில் இதற்கென்றே ஒரு கற்பலகை இருந்தது. அதன் துளைகளில் பெயர்ச் சீட்டுகளை வரிசையாகச் செருகுவார்கள். பக்கத்துக் குழாயிலிருந்து வெள்ளைக் குண்டு விழுந்தால் அந்த வரிசைக்கு வேலை. கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இது என்ன விளையாட்டு என்று தோன்றும். சீட்டுக் குலுக்குவதே குடியாட்சி முறை, வாக்கால் தேர்வது சிலராட்சி முறை என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதினார். தேர்தல் என்றால் பணமும் பெயரும் உள்ளவன் முந்திக்கொள்வான் அல்லவா? அதைத் தெரிந்துகொள்ள நாம் ஏதென்ஸ் வரை போகவேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். திருவண்ணாமலையிலிருந்து வந்தவாசி வழியாகச் சென்றால் காஞ்சீபுரம் ஜில்லாவில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோவிலின் கற்சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அவ்வூர் மகாசபை செய்த ஏற்பாடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிக்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று எண்ணிய அந்த முன்னோரின் சாமர்த்தியத்தை என்னவென்பது! இப்படி வந்த முப்பதின்மரில் 12 பேர் சம்வத்ஸர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவி ஒரே வருஷம்.

கப்பலோட்டியைச் சீட்டுப் போட்டா எடுக்கிறோம், ஊரை ஆள்பவனை மட்டும் ஏன் அப்படி எடுக்கவேண்டும் என்று சாக்ரடீஸ் பரிகசித்தாராம். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் இதுவும் ஒன்றென அவர் சீடர் செனபோன் எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் சீட்டுக்கு முன்னும் பின்னும் நடந்ததைக் கவனிக்கவேண்டும். ஏதென்ஸில் பதவி ஏற்குமுன் விசாரணை உண்டு: பெற்றோரைப் பேணுகிறானா, வரி கட்டினானா, படையில் சேவித்தானா என்று கேட்டார்கள். பதவி முடிந்ததும் கணக்கு ஒப்புவிக்கவேண்டும். உத்திரமேரூரிலோ 921-ம் ஆண்டு ஏற்பாட்டின்படி 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமா? அவன் தகப்பன், மகன், மாமன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் வரை உறவுமுறை சொல்லி விலக்கினார்கள். ஒருவன் கணக்குக் காட்டாவிட்டால் சுற்றத்தார் சும்மா விட்டிருப்பார்களா!

அப்போஸ்தலர் நடபடி முதல் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். யூதாஸின் இடத்துக்கு ஆளெடுக்கையில் உடனே சீட்டுப் போடவில்லை. ஸ்நாபக அருளப்பர் காலமுதல் ஆண்டவர் ஆரோகணம் வரை கூடவே இருந்தவராயிருக்கவேண்டும் என்று முதலில் வரையறுத்தார்கள். அத்தகைய இருவரை நிறுத்தினார்கள். பிறகே ஜெபித்துச் சீட்டுப் போட, அது அர்ச். மத்தியாஸ் பேருக்கு விழுந்தது.

இரண்டு ஊரையும் நான் அளவுக்கு மிஞ்சிப் புகழ்வதாக நினைக்கவேண்டாம். ஏதென்ஸில் பெண்களுக்கும் அந்நியருக்கும் அடிமைகளுக்கும் சபையில் இடமில்லை. சபையில் ஒழுங்கு காத்த ஸ்கித்திய வில்லாளரே நகரம் விலைக்கு வாங்கிய அடிமைகள். உத்திரமேரூர் பிராமணருக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். வேதப் பயிற்சியும் அங்கே ஒரு தகுதி. ஏரிநீரால் வயலை உழுது விளைவித்தவன் பெயருக்கு ஓலை கிடையாது.

இன்னொன்று. ஏதென்ஸில் அதிகாரிகள் அனைவரும் கணக்குச் சொல்ல, சீட்டில் வந்த நீதிபதிகளை மட்டும் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தவர்கள் அவர்களே. அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.