அறுபதில் மண் பிசையலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மண்பாண்டம் செய்யக் கற்க ஆசை. சக்கரம் வாங்க வசதியில்லை, விரல் மூட்டுகளில் லேசான வலியும் உண்டு. இந்த வயதில் சரிவருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிச்சயம் சரிவரும் அம்மா. சக்கரம் தேவையே இல்லை. ஐயனார் கோயில்களின் பிரம்மாண்ட மண்குதிரைகளை குயவர்களான வேளார்கள் பெரும்பாலும் கையாலேயே வனைகிறார்கள்.

ஆரஞ்சுப்பழ அளவு களிமண்ணை உருட்டி, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக் கிண்ணமாக விரியுங்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக, அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். கைப்பிடி ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் கழன்றுவிடும்.

வெயிலில் வைக்காதீர்கள், விரிசல் விடும். பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, நிழலில் பல நாட்கள் உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் வெடிக்கும். சுடுமண்ணுக்குச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வீட்டு அடுப்பு போதாது. அருகிலுள்ள குயவரிடம் கேட்டு, அவர் சூளையில் சேர்த்துச் சுடலாம்.

மண் இளக்கமாக இருந்தால் விரல் அதிகம் நோகாது. அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். வலி கூடினால் மருத்துவரைக் கேளுங்கள். மண்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல் சில கிண்ணங்கள் கோணலாகத்தான் வரும். தயங்காமல் இந்த வாரமே தொடங்குங்கள்.