எருமையும் தையற்சிட்டும்

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில், ஏரிநீரில் அமிழ்ந்து அசைபோடும் எருமையை நாம் எளிதிற் காணலாம். வேலிச்செடிகளில் தத்தித் திரியும் தையற்சிட்டையோ, அதன் உரத்த குரலைக் கேட்டும், கண்டறிவார் சிலரே. எருமையின் நிறை ஏறக்குறைய 400 கிலோகிராம் எனவும், சிட்டின் நிறை 8 கிராம் எனவும் கொண்டால், ஓர் எருமைக்கு 50,000 சிட்டுகள் ஈடாகும்.

இவ்விரண்டும் வெப்ப இரத்தப் பிராணிகளே. ஆயினும், உடல் சிறுக்கச் சிறுக்க அதன் கன அளவை நோக்க மேற்பரப்பு மிகுதியாகின்றது. வெப்பமும் விரைந்து வெளியேறுகின்றது. ஆதலின் சிட்டின் இருதயம் நிமிடத்திற்குப் பல நூறு முறை துடிக்கின்றது. பகல் முழுதும் அது பூச்சிகளைத் தேடியுண்ண வேண்டியிருக்கின்றது. எருமைக்கோ வெப்பத்தை வெளியேற்றுவதே அரிது. கருந்தோலும், பசுவினும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைமையால் அது நீரை நாடுகின்றது. இதனைச் சோம்பல் என்பது பொருந்தாது.

எருமை பத்துத் திங்களுக்கு மேல் கருவைச் சுமக்கும். சிட்டின் முட்டையோ சுமார் 12 நாளிற் பொரியும். அம்முட்டைக்காக இலையோரங்களை அலகால் துளைத்து, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்துச் சிட்டு கூடமைக்கின்றது. பட்டு நெய்யும் நகரத்தார்க்கு அத்தொழிலின் அருமையை நாம் கூறவேண்டுவதில்லை.

ஏரி தூர்ந்தால் எருமைக்கு இடுக்கண். செடி அழிந்தால் சிட்டுக்கு இடுக்கண். அதிலும், தத்தம் எடைக்கேற்ப நோக்கின் சிட்டின் பசியே பெரிது. நெடும்பொழுது அது உணவின்றித் தாங்காது. ஆகவே, ஏரியைக் காக்க விழையும் நாம், அதன் கரையிலுள்ள செடிகளையும் வெட்டாது காப்போமாக.